பெரும்பாணாற்றுப்படையின் வழியும் திணை கற்பித்தலும்: உத்திரமேரூர் வட்டாரத்தை முன்வைத்து

ஆற்றுப்படை நூல்களைக் கற்பிக்கும் வகுப்புகளில் புரவலனின் கொடைச்சிறப்பே பெரிதும் பேசப்படுகிறது. ஐந்திணையோ முதல், கரு, உரி என்னும் அட்டவணையாக மனப்பாடத்திற்கு உள்ளாகிறது. இவ்விரண்டும் தனித்தனியே கற்பிக்கப்படுவதால், பண்டைத் தமிழர் எதன்பொருட்டு வழிநடந்தனர், எந்நிலங்களைக் கடந்தனர் என்னும் வினா மாணவரிடம் எழுவதே இல்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை (500 அடிகள்) இவ்வினாவிற்கு விடைதரும் பாடமாக அமையத்தக்கது. அதன் வழி கச்சியில் முடிவதால், காஞ்சிபுர மாவட்ட மாணவர்க்கு அது அயல்நிலம் அன்று.

பயணத்தின் காரணங்கள்

பாணனை வறுமை செலுத்துகிறது. ஆயினும் அவ்வழியில் அவன் மட்டும் செல்லவில்லை. உமணர் உப்பு வண்டிகளோடு குடும்பமாகச் செல்கின்றனர். கைக்குழந்தையுடைய பெண் எருதுகளை ஓட்டுகிறாள். மாற்று எருதுகள் உடன் வருகின்றன. மிளகுப்பொதி சுமந்த கழுதைச் சாத்து உல்கு பெறும் பெருவழியில் செல்கிறது. வில்லேந்திய காவலர் அவ்வழியைக் காக்கின்றனர். நீர்ப்பெயற்றுத் துறையில் குதிரைகளையும் வடநாட்டுப் பொருள்களையும் கொணர்ந்த நாவாய்கள் நிற்கின்றன. ‘யார், எதைச் சுமந்து, எதற்காகச் செல்கிறார்?’ என்னும் ஒரு வினாவைக் கொண்டே இப்பகுதி முழுவதையும் கற்பித்துவிடலாம்.

நில மாற்றத்தை மாணவர் உணவின்வழி எளிதில் உணர்வர். எயிற்றியர் கரம்பை நிலத்தைக் கிளறி எடுத்த புல்லரிசிச் சோறும் உப்புக்கண்டமும், கோவலர் குடியில் பாலொடு தினைச்சோறும், வன்புல உழவரிடம் வரகுச்சோறும் அவரைப் புழுக்கும், மருதத்தில் வெண்ணெல் சோறும் பாணனுக்குக் கிடைக்கின்றன. கருப்பொருள் பட்டியலில் ‘உணவு’ என ஒற்றைச் சொல்லாக நிற்பது இங்கே நீர்வளத்தின் அளவுகோலாகிறது.

ஏரியும் சேயாறும்

அட்டவணை வழிக் கற்றலின் குறை வலைஞர் பகுதியில் தெளிவாகப் புலப்படும். மீன்பிடிப்போர் என்றவுடன் மாணவர் நெய்தல் என எழுதுவர். இந்நூலின் வலைஞரோ மருதத்தை அடுத்து, கோடையிலும் வற்றாத குளத்தின் கரையில் வாழ்பவர். ஏரிகளால் வாழும் உத்திரமேரூர் வட்டார மாணவர்க்கு இதற்கு உரை தேவையில்லை. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியத்தைத் தனியே குறிப்பிடுகின்றன. அவை சங்க காலத்திற்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவை என்பதை ஆசிரியர் வலியுறுத்த வேண்டும். எனினும் தொண்டைநாட்டு மருதம் பேராற்று மருதத்தினின்று வேறுபட்டது என்பதை விளக்க அவை துணைசெய்யும். சோழநாட்டுக் காவிரியை மட்டுமே கொண்டு மருதத்தைக் கற்பிக்கும் வழக்கம் இங்குப் பொருந்தாது என்பது என் கருத்து.

மலைபடுகடாமும் இவ்வட்டாரத்தோடு தொடர்புடையது. நன்னனின் செங்கண்மாவை நாடும் கூத்தர்க்கு அந்நூல் காட்டும் சேயாறு, இன்றைய செய்யாறே. சவ்வாது மலையில் தோன்றிச் செங்கம் வழியாக ஓடும் அவ்வாறு, உத்திரமேரூர்ப் பகுதியின் திருமுக்கூடலில் பாலாற்றோடும் வேகவதியோடும் கலக்கிறது. மலைநிலத்திலிருந்து ஏரிநிலம்வரை ஓர் ஆற்றை வரைபடத்தில் தொடர்ந்துசெல்லும் பயிற்சி, குறிஞ்சியும் மருதமும் எங்கே ஒன்றையொன்று தொடுகின்றன என்பதைக் காட்டும். தொல்காப்பியர் பாலைக்குத் தனிநிலம் கூறாததையும், முல்லையும் குறிஞ்சியும் திரிந்து பாலையாகும் எனச் சிலப்பதிகாரம் கூறுவதையும் இங்கு இணைத்துக் கற்பிக்கலாம்.

புலவர் நில அளவையாளர் அல்லர். நீர்ப்பெயற்றை மாமல்லபுரமாகக் கருதுவோர் உளர். பாலாற்று முகத்துவாரத்தை அடுத்த வசவசமுத்திர அகழாய்வில் ஆம்போரா ஓடுகள் கிடைத்தமையால், அக்கடற்கரையின் வாணிகத்திற்குத் தொல்லியல் சான்றும் உண்டு. இரண்டு இடங்களையும் வரைபடத்தில் குறித்து, எது பாடலின் வருணனைக்கு நெருங்குகிறது என மாணவரையே வாதிடச் செய்வது, விடையை ஆசிரியர் எழுதிப்போடுவதினும் பயனுடையது.