நீர் மறவாத நெறி

மழை உலகின் உயிர்நிலை. அது பொய்த்தால் கழனி வெடிக்கும், கால்நடை மெலியும், குடம் ஏந்திய மகளிர் நெடுந்தொலைவு நடப்பர். ஆதலின், கார்முகில் கண்டு களிப்பது நம் நாட்டு மக்களின் இயல்பு. ஆயினும், அம்மழையே ஒரு மாநகரின் நடுவே பொழிந்து, சில மணி நேரத்தில் மக்களைத் திகைக்க வைப்பதும் உண்டு. வாழவைக்கும் நீர் வருத்தும் நீராக மாறுவது எதனால்? இவ்வினாவிற்குச் சென்னை மாநகரின் வரலாறு தெளிவான விடை தருகின்றது.

2021ஆம் ஆண்டு, டிசம்பர்த் திங்கள் 30ஆம் நாள். புத்தாண்டு பிறக்க இரு நாட்களே இருந்தன. வடகிழக்குப் பருவமழை ஓயும் காலம் அது. அன்று இத்துணைப் பெருமழை பெய்யும் என்று ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. வானிலை ஆய்வாளராலும் அதனை முன்னதாக அறிந்து கூற இயலவில்லை. நண்பகலில் வானம் இருண்டது. தொடங்கிய மழை மாலை கடந்தும் விடவில்லை. நகரின் நடுவே பல இடங்களில் 10 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. தியாகராய நகரின் கடைத்தெருக்கள் நீரில் மிதந்தன. சுரங்கப்பாதைகள் மூடப்பட்டன. பணி முடிந்து வீடு திரும்பியோர் சாலைகளில் மணிக்கணக்கில் சிக்கித் தவித்தனர். மின்சாரம் தாக்கி மூவர் உயிர் துறந்தனர். அரை நாள் மழை ஒரு மாநகரையே நிலைகுலையச் செய்துவிட்டது.

10 சென்டிமீட்டர் என்பது கேட்பதற்குச் சிறிய அளவாகத் தோன்றும். நம் கைச்சாண் அளவுகூட இல்லையே என்று நாம் எண்ணலாம். கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 10 லிட்டர் நீர் விழுகின்றது. எனவே, ஓர் ஏக்கர் நிலத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால், விழும் நீர் ஏறக்குறைய 4 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் 34 வேண்டும், அதனைச் சுமந்து செல்ல! ஓர் ஏக்கருக்கே இவ்வளவு என்றால், ஒரு நகருக்கு எவ்வளவு?

திறந்த மண்ணில் விழும் நீரில் ஒரு பங்கை நிலம் உறிஞ்சிக்கொள்ளும். எஞ்சியது ஏரியையும் குளத்தையும் நாடிச் செல்லும். நகரிலோ கூரையும் கல்தளமும் தார்ச்சாலையும் நிலத்தை மூடிக் கிடக்கின்றன. மூடிய நிலம் நீரைப் பருகாது. பருகாத நீர் பள்ளம் தேடி ஓடுகின்றது.

அந்தப் பள்ளம் எது? இன்று ஆடையும் அணிகலனும் வாங்க மக்கள் திரளும் தியாகராய நகர், நூறு ஆண்டுகளுக்கு முன் நீர்ப்பரப்பாக இருந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை ஒரு பெரிய ஏரி நீண்டு கிடந்தது. அதன் நீளம் கருதி, நீண்ட ஏரி என்னும் பொருள்பட ஆங்கிலேயர் அதற்குப் பெயரிட்டனர். நகரில் மக்கள்தொகை பெருகிற்று. குடியிருக்க இடம் வேண்டியிருந்தது. 1920களில் ஏரி நீர் வடிக்கப்பட்டு, அந்நிலத்தில் புதிய நகர்ப்பகுதி எழுந்தது. நீதிக்கட்சித் தலைவர்களுள் ஒருவராகிய பிட்டி தியாகராயரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது.

ஏரி மறைந்தது, ஆனால் அதன் பெயர் மறையவில்லை. மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ சாலை’ உண்டு. நுங்கம்பாக்கத்தில் ‘டாங்க் பண்ட் சாலை’ உண்டு. முன்னது ஏரியைக் காணும் சாலை. பின்னது ஏரிக்கரைச் சாலை. பழவந்தாங்கல் போன்ற ஊர்ப்பெயர்களில் உள்ள ‘தாங்கல்’ என்னும் சொல்லும் நீரைத் தாங்கி நின்ற சிற்றேரியையே குறிக்கும். பெயர்ப்பலகைகளைப் படிப்போர் பலர். அவை கூறும் செய்தியை உணர்வோர் சிலரே. மக்கள் மறந்த இடத்தை மழைநீர் மறப்பதில்லை. தான் பண்டு தங்கிய பள்ளத்தையே நாடி அது வருகின்றது.

வந்த நீர் வெளியேற வழி வேண்டும். வள்ளுவர் கோட்டத்தின் அருகிலிருந்து தியாகராய நகரின் ஊடே சென்று அடையாற்றில் கலப்பது மாம்பலம் கால்வாய். கால்வாயில் குப்பையும் இடிபாடும் சேர்ந்தால், நீர் வந்த வழியே தெருவிற்குத் திரும்பும். கடலை ஒட்டித் தட்டையாகக் கிடக்கும் நிலமாதலின், கடல்மட்டம் உயரும் வேளைகளில் ஆற்றுநீர் கடலிற் சேர்வதும் தாமதமாகும். இதன் கொடுமையைச் சென்னை முன்னரே கண்டது. 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் அடையாறு கரைபுரண்டு ஓடியது, வீடிழந்தோர் பலர், உயிரிழந்தோரும் பலர்.

வியப்பானது ஒன்று உண்டு. அவ்வெள்ளத்திற்குப் பின் நான்கு ஆண்டுகள் நிறையுமுன், 2019ஆம் ஆண்டுக் கோடையில், இதே மாநகருக்கு நீர் வழங்கும் ஏரிகள் வறண்டன. சோலையார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் கொண்டுவர நேர்ந்தது. மழைக்காலத்தில் எவ்வாறு வெளியேற்றுவது என்று அஞ்சிய நீரையே, கோடையில் எங்கே பெறுவது என்று ஏங்கி நின்றனர் மக்கள். வெள்ளமும் வறட்சியும் இரு வேறு பகைவர் அல்லர்; நீருக்கு இருக்க இடம் தராத ஒரே பிழையின் இரு முகங்கள்.

நம் முன்னோர் நீரை நிறுத்த ஏரி வெட்டினர். மிகுந்த நீர் வழிய அதற்குக் கலிங்கு அமைத்தனர். வழிந்த நீர் அடுத்த ஏரியை அடைய வாய்க்கால் வகுத்தனர். தேக்குதலும் போக்குதலும் ஆகிய இரண்டையும் அவர்கள் ஒருங்கே அறிந்திருந்தனர். ஏரியை வடித்து நகர் அமைத்தோரைப் பழிப்பதனால் இன்று பயன் இல்லை. கட்டிய நகரைக் கலைத்தலும் இயலாது. எஞ்சிய நீர்நிலைகளைக் காத்தல் இயலும். கால்வாய்களைத் தூய்மையாக வைத்தல் இயலும். கூரையில் விழும் நீரை மண்ணுக்குள் செலுத்துதல் இயலும்; தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கப்பட்டது.

சட்டம் அரசினுடையது, அதனைப் பேணும் கடமை நம்முடையது. நாம் வடிகாலில் எறியும் ஒரு பை சிறிது. அவ்வாறு எறியும் கைகள் பல. உங்கள் ஊரில் மழை பெய்யும்போது, பள்ளி வாயிலில் விழும் நீர் எவ்வழியே செல்கின்றது, எங்கே தங்குகின்றது என்று உற்றுநோக்குங்கள். அவ்வழியை அறிந்து, அதனை அடைக்காமல் காப்பதே நற்குடிமக்களாகிய நம் கடப்பாடாகும். நீருக்கு வழிவிடும் ஊரே நீரால் வாழும் ஊர்.