கொல்லையை அளந்த செல்போன்

கள்ளக்குறிச்சியில் இருந்து கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலையில் உள்ள கரியாலூருக்குச் சென்றிருந்தேன். மலைப்பாதையில் பாதி தூரம் போவதற்குள் செல்போனில் டவர் போய்விட்டது. பேச முடியவில்லை, இன்டர்நெட்டும் இல்லை. ஆனால் மேப்பில் இருந்த நீலப் புள்ளி மட்டும் எங்களோடு நகர்ந்துகொண்டே இருந்தது. "டவரே இல்லை, இது மட்டும் எப்படி வேலை செய்கிறது?" என்று உடன் வந்த நண்பர் கேட்டார். உங்களில் பலருக்கும் இந்தச் சந்தேகம் இருக்கும்.

ஜிபிஎஸ் என்பது செல்போன் டவரை நம்பி இருப்பதல்ல. பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் தங்கள் நேரத்தையும் இருப்பிடத்தையும் ஒலிபரப்புகின்றன. ரேடியோ போல, உங்கள் செல்போன் அதைக் கேட்க மட்டுமே செய்கிறது. சிக்னல் வந்து சேர ஆன நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. நான்கு செயற்கைக்கோள்கள் கிடைத்தால் போதும், நீங்கள் நிற்கும் இடம் தெரிந்துவிடும். மேப்பை மட்டும் முன்பே டவுன்லோட் செய்துகொள்ள வேண்டும். நான் அப்படித்தான் செய்திருந்தேன்.

மூன்று முறை, மூன்று விடை

கரியாலூரில் ஒரு பெரியவர் நாங்கள் போனைப் பார்த்துப் பேசுவதைக் கவனித்தார். "ஏன் சார், எங்க மரவள்ளிக் கொல்லை எவ்வளவுன்னு இது சொல்லுமா?" என்றார். "பார்க்கலாம் ஐயா" என்று சொல்லி, நடந்த பாதையைப் பதிவு செய்யும் புரோகிராமை ஆன் செய்தேன். வரப்பு ஓரமாக ஒரு சுற்று நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து நிறுத்தினேன். மறுபடி இரண்டு முறை அதே போல நடந்தேன்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்தால், ஒரே கொல்லை 92 சென்ட், 104 சென்ட், 97 சென்ட் என்று மூன்று விடை சொன்னது! எது சரி?

திறந்த வெளியில்கூட செல்போன் காட்டும் இடம் சுமார் 5 மீட்டர் வரை விலகலாம். மரத்தடியிலும் பாறைச் சரிவிலும் இன்னும் கூடும். ஒரு ஏக்கர் சதுர நிலத்தின் பக்கம் ஏறக்குறைய 64 மீட்டர். எல்லாப் பக்கமும் 3 மீட்டர் வெளியே தள்ளிப் பதிவானால் 100 சென்ட் நிலம் 120 சென்ட் ஆகிவிடும். உள்ளே தள்ளினால் 82 தான். அதுவே 10 ஏக்கர் என்றால் தவறு 6 சதவீதம் அளவில்தான் வரும். சிறிய நிலத்துக்குத்தான் அதிக எச்சரிக்கை தேவை.

மலைவாழ் மக்களுக்கு இது விளையாட்டான விஷயம் இல்லை. 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி நிலம் கோரும்போது எல்லையைக் காட்ட வேண்டும். செயற்கைக்கோள் படமும் பிற தொழில்நுட்பமும் மற்ற ஆதாரங்களுக்குத் துணையாகலாமே தவிர அவற்றுக்கு மாற்றாகாது என்று 2012-ல் திருத்தப்பட்ட விதிகள் சொல்கின்றன. ஊர்ப் பெரியவர்களின் எழுத்து மூலமான வாக்குமூலமும், வரப்பு, தடுப்பணை போன்ற அடையாளங்களும் சாட்சியங்கள்தாம். எனவே மூன்று விடைகளையும் பெரியவரிடம் சொல்லி, "இது உத்தேசக் கணக்குதான் ஐயா, பத்திரத்துக்கு ஆகாது" என்றேன்.

நீங்களும் செய்து பார்க்க

1. பாதையைப் பதிவு செய்யும் ஆப் ஒன்றைப் போனில் நிறுவுங்கள்.
2. வானம் தெரியும் இடத்தில் சில நிமிடம் நில்லுங்கள். டவர் இல்லாத இடத்தில் முதல் சிக்னல் பிடிக்கக் கூடுதல் நேரமாகும்.
3. பதிவை ஆன் செய்து நடந்து முடித்ததும், ஜிபிஎக்ஸ் ஃபைலாக சேவ் செய்து கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள்.
4. கூகுள் எர்த் புரோ புரோகிராமைத் திறந்து (இது 2015-ல் இலவசமாக்கப்பட்டது), ஃபைல் மெனுவில் ஓபன் கொடுத்து அந்த ஃபைலைத் தேர்ந்தெடுங்கள். நடந்த பாதை கோடாகத் தெரியும்.
5. ரூலர் கருவியில் பாலிகன் பகுதிக்குச் சென்று, கோட்டின் மேலேயே கிளிக் செய்துகொண்டு வாருங்கள். பரப்பளவு கிடைக்கும், அலகை ஏக்கருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இன்னும் சில வேடிக்கைகள்

பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்கா வேண்டுமென்றே கலந்துவந்த பிழை 2000-ம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கப்பட்டது. மே 3-ம் தேதியே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியில் பொருள்களை மறைத்து வைத்து, அந்த இடத்தின் எண்களை வெளியிட்டார். 'ஜியோகேச்சிங்' எனும் புதையல் வேட்டை இப்படித்தான் பிறந்தது. முழு எண் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வெட்டும் இடங்களைத் தேடிப் போய்ப் படம் எடுப்பவர்களும் உண்டு. 12 டிகிரி வடக்கும் 79 டிகிரி கிழக்கும் சந்திப்பது நம் சங்கராபுரத்துக்கு வடகிழக்கேதான்!

முதல் பயிற்சியாக, 400 மீட்டர் ஓட்டப்பாதை உள்ள மைதானத்தில் உள்வட்டத்தில் ஒரு சுற்று நடந்து, செல்போன் எத்தனை மீட்டர் காட்டுகிறது என்று பாருங்கள். உங்கள் போனை எவ்வளவு நம்பலாம் என்பது அப்போது புரியும். அதன் பிறகு கொல்லைக்குப் போகலாம்.