எழும்பிய மரத்தகட்டை மீண்டும் ஒட்டுதல்

பள்ளி ஆய்வுக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் உள்ள அலமாரிக் கதவுகள் பல, சாதாரணப் பலகையின்மீது வெனீர் எனப்படும் மெல்லிய மரத்தகடு ஒட்டப்பெற்றவை. தகட்டின் கனம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவே. அது ஓரத்தில் எழும்பியதும் கதவையே கழித்துவிடுவது வீண் செலவாகும். பலகை உளுக்காதிருப்பின் பழுதை எளிதில் நீக்கலாம்.

காரணம்

மரம் ஈரத்தை ஏற்று விரிவதும், உலர்ந்து சுருங்குவதும் இயல்பு. பசுமரம் முற்றும் உலரும்போது நாரின் நெடுக்கில் 0.1 முதல் 0.2 விழுக்காடே சுருங்குகிறது. ஆண்டு வளையங்களை ஒட்டிய குறுக்கிலோ பல மரங்கள் 8 விழுக்காடு வரை சுருங்குகின்றன. ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் பிப்ரவரி, மார்ச்சில் காற்று வறண்டும், ஜூன் முதல் அக்டோபர் வரை ஈரமிக்கும் இருக்கும். ஆண்டுதோறும் நிகழும் இவ்வசைவினால் பசை தளர்கிறது. ஈரச் சுவரை ஒட்டிய அலமாரியில் கேடு விரைகிறது. மெல்லிய தகட்டின் ஒரு முகத்தை மட்டும் நனைத்து, அது குறுக்கே வளைவதை ஆசிரியர் மாணவர்க்குக் காட்டலாம்.

இவ்வூரில் 1938இல் வன ஆராய்ச்சிக்கூடமும், 1962இல் ஒட்டுப்பலகைத் தொழில் ஆராய்ச்சி நிலையமும் தோன்றின. எப்பசை எவ்வீரத்தைத் தாங்கும் என்பது அத்துறையின் அடிப்படை வினாவாகும்.

பசையை அறிதல்

வெதுவெதுப்பான ஈரவிரலால் தொடப் பிசுபிசுத்தால் அது வச்சிரம். ஈரத்துணியிட்டு இஸ்திரிப் பெட்டியால் மிதமாகச் சூடேற்றினால் இளகி, அழுத்தத்தில் மீண்டும் பற்றும். எனினும் அரக்கு மெருகு வெளுக்கக்கூடும். யூரியா பார்மால்டிஹைடு பசை சூட்டில் இளகாது. அதைச் சுரண்டியே நீக்க வேண்டும்.

செய்முறை

1. விரலால் தட்டிப் பார்க்க. வெற்றொலி எழுமிடம் ஒட்டு விட்ட இடம்.

2. மெல்லிய கத்தியால் பழம்பசையையும் தூசியையும் அகற்றுக. பழம்பசையின்மேல் புதுப்பசை நன்கு பற்றாது. ஈரமிருப்பின் முதலில் நிழலில் உலர்த்துக.

3. ஓரமாயின் வெள்ளைப் பசையை உட்புறம் சீராகப் பூசுக. நடுவில் கொப்புளமாயின் நாரின் போக்கிலேயே கீறி, ஊசிக்குழலால் பசையைச் செலுத்துக.

4. உள்ளிருந்து ஓரம் நோக்கி அழுத்தி, பிதுங்கும் பசையை ஈரத்துணியால் துடைக்க. மெழுகுத்தாளும் தட்டைப் பலகையும் வைத்துக் கிளாம்பால் இறுக்கி ஓர் இரவு விடுக.

5. நுண்ணிய உப்புத்தாளால் நாரின் போக்கில் மெல்லத் தேய்த்து மெருகிடுக. மிகத் தேய்த்தால் தகடே அற்றுவிடும்.

காப்பு

கதவின் இரு முகங்களுக்கும் நான்கு ஓரங்களுக்கும் மெருகிடல் வேண்டும். ஒரு முகத்திற்கு மட்டும் இட்டால் கதவு வளையும். அலமாரிக்கும் சுவருக்கும் இடைவெளி விடுக. ஈரம் வரும் வழியை அடைக்காமல் ஒட்டிய தகடு மறு மழையில் மீண்டும் எழும்பும்.