ஈரம் சொட்டச் சொட்ட

சின்ன வயதில் எனக்குப் பட்டப்பெயர் பரட்டை. 1977இல் வந்த '16 வயதினிலே' படத்தில் ரஜினிக்கு அந்தப் பெயர். எங்கள் தெருவில் எனக்கு. அம்மா தேங்காயெண்ணெயை வழிய வழியத் தடவி இரட்டைச் சடை பின்னி அனுப்புவாள். சென்னைக்கு வேலைக்கு வந்ததும் சடை போனது, பரட்டை திரும்பி வந்தது.

முதன்முதலில் ஜெல் வாங்கியபோது காய்ந்த தலையில் தடவினேன். மேலே பிசுபிசுப்பு, உள்ளே அதே பஞ்சு. இரண்டு டப்பாவைத் தூக்கிப் போட்ட பிறகுதான் புரிந்தது, தப்பு ஜெல்லில் இல்லை, தடவிய நேரத்தில். முடி நனைந்தால் அதன் புரத இழைகளுக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் அவிழும். காயும்போது மறுபடி சேரும். அந்த நேரத்தில் மேலே ஜெல் படலமாகப் பிடித்திருந்தால் சுருள் சுருளாகவே நிற்கும். இல்லையென்றால் கடற்காற்றின் ஈரத்தைக் குடித்து ஒவ்வொரு முடியும் ஒரு திக்கில் கிளம்பும்.

இப்போதெல்லாம் துவட்டுவதற்கு முன்பே, குளியலறையிலேயே தடவிவிடுகிறேன். முதுகில் தண்ணீர் சொட்டும், சொட்டட்டும். ஜெல்லை இரு உள்ளங்கையிலும் பரப்பி, முடிக்கற்றையை நடுவில் வைத்துக் கும்பிடுகிற மாதிரி கைகளைச் சேர்த்து, மேலிருந்து கீழே நீவுவேன். பிறகு நுனியை அள்ளி மேல்நோக்கிக் கசக்கும்போது சதக் சதக்கென்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் இன்னும் கொஞ்சம் தண்ணீர். மிச்ச ஈரத்தை ஒற்றி எடுக்கப் பழைய பனியன் துணி போதும். துண்டு முடியைக் கலைத்துவிடும்.

அப்புறம் கையே வைக்கக் கூடாது. எனக்கு இதுதான் கஷ்டம். காய்ந்ததும் முடி மொடமொடவென்று விறைத்து நிற்கும். முதல் தடவை பயந்துபோய் அலசிவிட்டேன். கஞ்சி போட்ட புடவையைக் கொடியிலிருந்து எடுத்து அப்படியேவா கட்டுகிறோம்? முழுக்கக் காய்ந்த பிறகு மெல்லக் கசக்கினால் விறைப்பு உடைந்து சுருள் மிருதுவாகும். உள்ளே ஈரம் இருக்கும்போதே உடைத்தால் அன்றைக்குப் பரட்டைதான்.

டப்பாவின் பின்பக்கத்தையும் பார்ப்பேன். கிளிசரின் பட்டியலின் தொடக்கத்திலேயே இருந்தால் ஐப்பசிச் சென்னைக்கு வேண்டாம். அது ஈரத்தை இழுக்கும் சாமான். கிரீமும் ஜெல்லும் சேர்த்துப் போடுவதானால் முதலில் உள்ளங்கையில் குழைத்துப் பார்ப்பது நல்லது. திரிதிரியாகத் திரிந்தால் தலையிலும் பொடுகு மாதிரி உதிரும்.

கடை ஜெல் தீர்ந்தால் ஆளி விதை இருக்கிறது. கால் கப் விதை, இரண்டு கப் தண்ணீர். முட்டை வெள்ளைக்கரு போல் இழுபடும்போது அடுப்பை அணைத்து, சூட்டோடு வடிகட்ட வேண்டும். ஆறிவிட்டால் விதை விடாது. ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். போன கோடையில் மாமியார் அதை ஊறிய பாதாம்பிசின் என்று நினைத்து ரோஸ்மில்க்கில் கலந்துவிட்டார். பாதி டம்ளர் குடித்த பிறகுதான் கேட்டார், "ஏம்மா, இதுல இனிப்பே இல்லையே?"