எழுத்து, எண், வலை: பழைய கடிதங்களை மீட்டெடுத்தல்

சென்ற ஆவணி மாதம் வீட்டு பேஸ்மென்ற்றை ஒழுங்குபடுத்தியபோது ஒரு சப்பாத்துப் பெட்டி அகப்பட்டது. உள்ளே பாவித்து முடிந்த ரெலிபோன் காட்கள், சில படங்கள், ஒரு சீடி. அதன் மேல் "அம்மா 2003" என்று எழுதியிருந்தது.

2003 ஆம் ஆண்டு நாம் இந்நாட்டில் அகதி விண்ணப்பம் செய்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த காலம். ஊருக்குப் போக முடியாது. போர்நிறுத்தத்தைப் பயன்படுத்தி ஊருக்குச் சென்ற எமது தமக்கையார், தாயார் சொல்லச்சொல்லக் கணனியில் தட்டச்சுச் செய்து, சீடியில் பதிந்து அனுப்பியிருந்தார். பூட்டனார் பெயர், கோவிலில் எமது குடும்பத்தின் உபயநாள், இடம்பெயர்வில் உறுதி தொலைந்துபோன காணியின் நான்கு எல்லைகள் என எல்லாம் அதில் இருந்தன. 2008 இல் தாயார் காலமானார். அதற்குப் பிறகு வாங்கிய கணனியில் அந்தக் கடிதத்தைத் திறந்தபோது தமிழ் இல்லை. பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமே தெரிந்தன. பழுதாகிவிட்டது என்று எண்ணி மூடிவைத்தோம்.

இம்முறை பதினாறு வயது மகன் அதைப் பார்த்தான். பத்து நிமிடத்தில், "அப்பா, இது பழுதாகேல்லை. வேற உடுப்புப் போட்டிருக்கு, அவ்வளவுதான்" என்றான். அவன் சொன்னது முற்றிலும் சரி. ஏன் சரி என்பதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம். நம்மிற் பலருடைய வீடுகளிலும் இப்படியொரு பெட்டி இருக்கக்கூடும்.

வலை என்பது என்ன?

வலை என்றதும் கணனியையே நினைக்கிறோம். ஆனால் செய்தி ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகும் ஒழுங்கு எதுவாயினும் அது வலைதான். 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கிய பின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பல வருடங்கள் மின்சாரம் இருக்கவில்லை. நாம் ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைச் சுற்றி, தைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். ஒருவர் சுற்ற, பத்துப்பேர் கேட்டார்கள். கேட்டவர்கள் அடுத்த ஒழுங்கைக்குக் கொண்டுபோனார்கள். அதுவும் ஒரு வலையே.

அதே 1990 ஆம் ஆண்டு, நாம் இன்று வாழும் இந்த மொன்றியால் நகரில் இன்னொரு காரியம் நடந்தது. மக்கில் பல்கலைக்கழகத்தில் பயின்ற, பார்படோஸ் தீவைச் சேர்ந்த அலன் எம்ரேஜ் என்ற மாணவர், இணையத்தில் எந்தக் கோப்பு எந்தக் கணனியில் உள்ளது என்று தேடிச் சொல்லும் ஒரு நிரலை எழுதினார். அதன் பெயர் ஆர்ச்சி. ஆவணக் காப்பகத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்தை நீக்கினால் வரும் பெயர் அது. பீற்றர் டொய்ச், பில் ஹீலன் ஆகியோர் அதனை வளர்க்க உதவினர். உலகின் முதலாவது இணையத் தேடுபொறி என்று சொல்லப்படுவது இதுதான். அது கோப்புகளின் உள்ளே தேடவில்லை. அவற்றின் பெயர்ப் பட்டியலை மாத்திரம் திரட்டி வைத்தது. அக்காலத்தில் எம்மவர்கள் இதே நகரத்து உணவகங்களிற் கோப்பை கழுவிக்கொண்டு, வார இறுதியில் ஊருக்குக் கடிதம் எழுதினார்கள். சில தெருக்கள் தள்ளி உருவாகிக்கொண்டிருந்த வலையைப் பற்றி அவர்களுக்கு எப்படித் தெரியும்?

எழுத்துக்கு எண்

கணனிக்கு எழுத்துத் தெரியாது; எண் மட்டுமே தெரியும். கணக்குத் துறையில் உள்ள நாம் இதை இலகுவாக விளங்கிக்கொள்ளலாம். ஒரு கடையின் செலவு ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு இலக்கம் உண்டு. வாடகைக்கு ஒன்று, மின்சாரத்துக்கு ஒன்று. ஒருவர் வாடகையைக் குறித்த இலக்கத்தை இன்னொருவர் மின்சாரத்துக்கு வைத்திருந்தால், கூட்டுத்தொகை சரியாக இருந்தாலும் பேரேடு பொய் சொல்லும்.

ஆங்கிலத்துக்கு இந்த இலக்கங்கள் முன்பே தீர்மானிக்கப்பட்டுவிட்டன. ஆங்கிலத்தின் பெரிய ஏ எழுத்துக்கு 65. பழைய முறையில் ஒரு எழுத்துருவில் 256 இடங்கள். அதில் முதற் பாதி ஆங்கிலத்துக்கு உரியது. தமிழை எங்கே வைப்பது? எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தத்தமக்கு வசதியான இடத்தில் வைத்தனர்.

எம்மவர் மத்தியில் மிகவும் பரவியது பாமினி. கோவில் அறிவித்தல், மரண அறிவித்தல், கலியாணக் காட், பத்திரிகை எல்லாம் பாமினியில் வந்தன. அதன் விசையமைப்பு தமிழ்த் தட்டச்சுப் பொறியைத் தழுவியது. அந்தப் பொறியை முதன்முதல் வடிவமைத்தவர் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த ஆர். முத்தையா என்பது எமக்குப் பெருமை தரும் செய்தி. எனவே தட்டச்சுப் பழகியவருக்குப் பாமினி கைவந்த கலை. ஆனால் அது தமிழ் வடிவங்களை ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே வைத்தது. எம் இருந்த இடத்தில் அகரம். கே இருந்த இடத்தில் மகரம். அரைப்புள்ளி இருந்த இடத்தில் மெய்யின் புள்ளி. எச் இருந்த இடத்தில் அரவு. ஆகவே "அம்மா" என்று தட்டினால் கணனி எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் பதிந்துகொள்ளும். பாமினி உள்ள கணனியில் அது அம்மா. பாமினி இல்லாத கணனியில் அது பிதற்றல்.

தாயாரின் கடிதத்துக்கு நேர்ந்ததும் இதுவே. எண்களில் ஒன்றுகூட அழியவில்லை. எந்த இலக்கம் எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணைதான் எம்மிடம் இல்லாது போயிற்று.

ஒரு பொது உடன்பாடு

இக்குறையை நீக்க உலகெங்கும் உள்ள தமிழர்கள் ஒன்றுகூடினர். 1997 முதல் மின்னஞ்சற் குழு ஒன்றின் மூலம் பல நாடுகளில் இருந்தோர் விவாதித்து உருவாக்கிய நியமம் திஸ்கி. இது முதற் பாதியை ஆங்கிலத்துக்கே விட்டுவிட்டு, 128 க்கு மேற்பட்ட இடங்களில் தமிழை வைத்தது. இதனால் ஒரே எழுத்துருவில் இரண்டு மொழியையும் எழுத முடிந்தது. இருமொழியிலும் செய்திமடல் வெளியிடும் எம் போன்ற சங்கங்களுக்கு இதன் அருமை தெரியும். 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு வேறு நியமங்களையும் ஒரு விசைப்பலகை அமைப்பையும் அறிவித்தது.

இறுதியில் நிலைத்தது யூனிக்கோட். உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் தனித்தனி எண் வழங்கும் இவ்வேற்பாட்டின் முதற் பதிப்பு 1991 இல் வந்தபோதே அதில் தமிழ் இடம்பெற்றது. தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. எமது 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் இல்லை. அகரமேறிய மெய்யும் உயிர்க்குறியும் சேர்ந்து எழுத்தாகும். உதாரணமாக "முருகா" என்று எழுதினால் கணனி பதிந்துகொள்வது 2990, 3009, 2992, 3009, 2965, 3006 என்ற ஆறு எண்களை. மகரம், உகரக் குறி, ரகரம், உகரக் குறி, ககரம், அரவு. மொன்றியாலில் தட்டினாலும் நல்லூரில் திறந்தாலும் எண்ணும் எழுத்தும் மாறா. இவ்வொதுக்கீடு போதாது என்று தமிழறிஞர் சிலர் வாதிட்டதுண்டு. எனினும் 2010 இல் தமிழ்நாடு அரசும் யூனிக்கோட்டை ஏற்றது. இன்று கைத்தொலைபேசியில் தமிழ் இயல்பாகத் தெரிவதற்கு இந்த உடன்பாடே காரணம்.

எரிந்த நூலகமும் இணைய நூலகமும்

ஒரு சமூகத்தின் எழுத்து அழிந்தால் என்ன ஆகும் என்பதை எமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் இருந்தன. ஒரே இடத்தில் ஒரே பிரதி இருந்ததே அந்த இழப்பை ஈடுசெய்ய முடியாததாக்கியது.

இதற்குப் பதில் சொல்லும் முயற்சிகள் வலையிலேயே பிறந்தன. 1998 பொங்கலன்று சுவிற்சலாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடக்கினார். பல நாட்டுத் தன்னார்வலர் ஊதியமின்றித் தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சுச் செய்து இலவசமாக வைத்தனர். 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் மலர்களையும் படியெடுத்து இணையத்தில் வைத்து வருகிறது. ஊர்க் கோவிற் கும்பாபிஷேக மலர் ஒன்றை மொன்றியாலில் இருந்து வாசிக்கலாம் என்பது எமது பெற்றோர் எண்ணிப் பார்த்திராத காரியம்.

வலையும் அறும்

ஆனால் வலை எப்போதும் எமது கையில் இல்லை. இலங்கையில் 2018 மார்ச்சில் கண்டிப் பகுதியில் முஸ்லிம் மக்களுக்கு எதிரான வன்முறையின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னரும், 2022 ஏப்ரலில் ஆர்ப்பாட்டங்களின்போதும் அரசு முகநூல், வட்ஸ்அப் முதலியவற்றை முடக்கியது. இந்நாட்டிலும் 2022 ஜூலை 8 அன்று ஒரு பெரிய வலையமைப்புச் செயலிழந்தபோது கடைகளில் வங்கி அட்டை வேலை செய்யவில்லை. சில இடங்களில் 911 அழைப்புகூடக் கிடைக்கவில்லை.

இன்று எம் வீடுகளில் பிறந்தநாள் வாழ்த்து, துடக்குச் செய்தி, திருவிழா நேரம், அந்தியேட்டி நேரலை எல்லாம் வட்ஸ்அப்பில்தான். 2020 இல் கோவிற் கதவுகள் மூடியிருந்த நாட்களில் தொலைபேசித் திரையிலேயே தீபாராதனை கண்டோம். அந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆயினும் அனுப்பியது வேறு, சேமித்தது வேறு. தொலைபேசி தொலைந்தால் அதிலுள்ள அப்பம்மாவின் குரற்பதிவும் தொலையும். வரவைப் பேரேட்டில் ஏற்றாமல் சட்டைப் பையில் வைத்திருப்பவரை நல்ல கணக்காளர் என்போமா?

வீட்டில் செய்ய வேண்டியவை

1. பழைய சீடி, பிளொப்பி, கணனிகளைத் தேடி எடுங்கள். ஆங்கிலப் பிதற்றலாகத் திறக்கும் கோப்பை எறியாதீர்கள். அது பெரும்பாலும் பாமினியாகவோ வேறு பழைய எழுத்துருவாகவோ இருக்கும்.

2. மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, பிரதியில் மாத்திரம் மாற்றம் செய்யுங்கள். யூனிக்கோட்டுக்கு மாற்றும் இலவச மாற்றிகள் இணையத்தில் உள்ளன. தனிப்பட்ட விபரம் உள்ள கடிதமாயின், வலையில் ஏற்றாமல் வீட்டுக் கணனியில் எழுத்துருவை நிறுவி வாசிப்பது நல்லது.

3. மாற்றியதை ஒருவர் வாசிக்க, மற்றவர் மூலத்துடன் ஒப்பிட்டுச் சரிபாருங்கள். பெயர்கள், திகதிகள், காணி எல்லைகளில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் பொருள் மாறும்.

4. மூன்று பிரதிகள் வைத்திருங்கள்: வீட்டில் ஒன்று, வேறு நகரத்து உறவினரிடம் ஒன்று, கடதாசியில் ஒன்று.

5. கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், அகதி விண்ணப்பப் பத்திரங்களைக் குடும்பக் குழுக்களில் போடாதீர்கள். இன்னும் ஊரில் இருப்போரின் பெயர்கள் அவற்றில் உண்டு.

இவற்றைப் பிள்ளைகளுடன் சேர்ந்து செய்யுங்கள். எங்கள் வீட்டில் கடிதம் தமிழாக மாறிய பின், மகன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மீட்டெடுத்தவன் அவன், ஆனால் அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது. "அப்பம்மா என்ன எழுதியிருக்கிறா?" என்று கேட்டான். நாம் வாசித்துக் காட்டினோம். கிணற்றடி மாமரம் யார் நட்டது என்ற இடத்தில் எமக்குக் குரல் எழவில்லை. அவன் பொறுத்திருந்து, "நான் படிச்சால் நானே வாசிக்கலாம்தானே" என்றான். இப்போது சனிக்கிழமைகளில் அரிச்சுவடியும் அந்தக் கடிதமும் ஒரே மேசையில் இருக்கின்றன. காணியின் எல்லைகளை வைத்து ஊரில் உறுதியின் பிரதியைத் தேடும் வேலையும் நடக்கிறது.

கோப்பைத் திறக்கும் வித்தை பிள்ளைகளிடம் உண்டு. திறந்ததை வாசிக்கும் தமிழ் பெற்றோரிடம் உண்டு. இரண்டும் ஒரு வீட்டில் சேர்ந்திருக்கும் காலம் நீண்டதல்ல.

வீட்டிற் கலந்துரையாட வினாக்கள்

1. உங்கள் பெயரின் ஒவ்வொரு எழுத்துக்கும் உரிய யூனிக்கோட் எண் என்ன?
2. உங்கள் பேரன், பேத்தி பற்றிய எந்தச் செய்தி ஒரே ஒருவரின் ஞாபகத்தில் மட்டும் இருக்கிறது?
3. இன்று தொலைபேசி தொலைந்தால் உங்கள் குடும்பம் எதை இழக்கும்?