வைத்தியசாலை ஊழியரின் ஊதியமும் ஊக்கமும்

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து, நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு, அருகிருந்து பணிசெய்வோனையும் நான்காம் உறுப்பாக வைத்து எண்ணினார். இவ்வெண்ணுமுறை இன்றைய வைத்தியசாலைக்கும் பொருந்தும். சத்திரசிகிச்சை எத்துணைத் திறம்பட நிகழினும், இரவிற் கண்விழித்துப் பார்க்குந் தாதியும், நிலத்தைத் துப்புரவாக வைக்குஞ் சிற்றூழியரும் சோர்வரேல், நோயாளி நலம்பெறுதல் அரிது. ஆகவே, இவர்தம் ஊக்கம் எதனாற் பிறக்கின்றது, எதனாற் குன்றுகின்றது என ஆராய்தல் பயனுடைத்து.

ஊழியர் பெறும் நலன்களை இருவகையாகப் பகுக்கலாம். சம்பளம், படிகள், மேலதிக நேரக் கொடுப்பனவு, தங்குமிடம், ஓய்வூதியம் என்பன ஒருவகை. பாராட்டு, பொறுப்பு, பதவியுயர்வு என்பன மற்றொருவகை. அமெரிக்க உளநூலறிஞர் பிரெடெரிக் ஹேர்ஸ்பேர்க் என்பார், பொறியியலாளரையும் கணக்காளரையும் வினவி 1959 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இத்தகைய வேறுபாட்டை விளக்கினார். முதல்வகை குறையின் மனக்குறை மிகும். நிறையின் மனக்குறை நீங்கும். ஊக்கம் பிறப்பதோ பெரும்பாலும் இரண்டாம் வகையால் என்பது அவர் முடிபு.

வைத்தியசாலைகளிலும் இதனையொத்த நிலை காணப்பட்டது. அமெரிக்காவில் தாதியர் தட்டுப்பாடு மிக்கிருந்த காலத்தில், அவர்களை ஈர்த்து நிறுத்திய வைத்தியசாலைகள் எவை என 1983 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு நோக்கிற்று. 163 வைத்தியசாலைகளுள் 41 மாத்திரமே காந்தம்போல் ஈர்ப்பன எனப் பெயர்பெற்றன. ஆங்குத் தாதியரின் சொல்லுக்கு நிருவாகம் செவிசாய்த்தது, கடமைநேரம் இணக்கமாக வகுக்கப்பட்டது, மேற்கல்விக்கு வழியிருந்தது.

இதுகொண்டு, சம்பளம் சிறிதாயினும் புகழுரை போதும் எனக் கருதற்க. இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் விலைகள் ஏறச் சம்பளத்தின் பெறுமதி வீழ்ந்தது. வைத்தியரும் தாதியரும் பலர் கடல்கடந்தனர். வீட்டில் அடுப்பெரியாதவனைப் பாராட்டுரை பணியில் நிறுத்தாது.

2024 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வைத்தியருக்குரிய ஒரு படியை 35,000 ரூபாவிலிருந்து 70,000 ரூபாவாக உயர்த்த அரசாங்கம் முற்பட்டபோது, ஏனைய சுகாதார ஊழியர் தமக்கும் அவ்வுயர்வு வேண்டுமெனப் பணிப்பகிஷ்கரிப்பில் இறங்கினர். இதனால் அறியற்பாலது யாது? மனிதன் தன் ஊதியத்தைத் தனியே நோக்கான். அயலான் உழைப்போடும் ஊதியத்தோடும் ஒப்பிட்டே நோக்குவான். 1960களில் ஸ்ரேசி அடம்ஸ் என்னும் அறிஞர் விளக்கியதும் இவ்வுண்மையே. நடுவுநிலையின்றிப் பகிரப்படும் நலன், பெற்றவர் சிலரை மகிழ்வித்துப் பெறாதார் பலரைச் சோர்விக்கும்.

பணப்பரிசில் பிறிதோர் இடருமுண்டு. பார்த்த நோயாளரின் தொகைக்குப் பரிசு வைப்பின் தொகை பெருகும். அஞ்சி அழுவாரைத் தேற்றிய நேரம் எக்கணக்கிலும் ஏறாது. நோயாளி வீடு சென்றபின்னும் நினைந்திருப்பது அந்நேரத்தையே.

அரசாங்க வைத்தியசாலையிற் சம்பளத்தை உயர்த்தல் வைத்திய அத்தியட்சகரின் கையில் இல்லை. ஆயினும், இரவுக்கடமையை ஓரவஞ்சனையின்றிப் பகிர்தலும், களைத்தோர் இருந்து உண்ண ஓர் அறை அமைத்தலும், பயிற்சிக்கு முறைப்படி அனுப்புதலும், சிற்றூழியரையும் பெயர்சொல்லி மதித்தலும் அவர் கையில் உள்ளன. வினைசெய்வாரை அரசன் நாடோறும் ஆராய்தல் வேண்டுமென வள்ளுவர் வற்புறுத்தினார். நம் கல்லூரியிற் பயின்று வைத்தியராயும் நிருவாகிகளாயும் விளங்கும் பழைய மாணவர் இதனை மனங்கொள்வாராக. அவர்தம் கண்ணோட்டம் ஊழியர்பாற் சென்றால், அது நோயாளியின் படுக்கையையுஞ் சென்றடையும்.