பிள்ளைக்கும் வருமா, டாக்டர்?

அன்புத் தங்கைக்கு,

குடல் மருத்துவப் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறாய், மகிழ்ச்சி. நாள்பட்ட குடல் அழற்சி நோய்களான கிரோன் நோய் என்றோ அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்றோ நீ சொன்னதும், "என் பிள்ளைக்கும் வருமா, டாக்டர்?" என்று நோயாளி கேட்பார். அதற்கான பதிலை இப்போதே தயார் செய்துகொள்.

2001-இல் பாரிஸிலும் அமெரிக்காவிலும் இரு குழுக்கள், 16-ஆம் குரோமோசோமில் உள்ள நாட்-2 மரபணுவுக்கும் கிரோன் நோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தன. பாக்டீரியாவின் செல்சுவர்த் துணுக்குகளை உணர்ந்து உடலை எச்சரிப்பது அந்த மரபணு உருவாக்கும் புரதத்தின் வேலை. 2012-இல் குடல் அழற்சியோடு தொடர்புள்ள மரபணு இடங்கள் 163 என்று கணக்கிட்டார்கள். பிறகு அது 200-ஐத் தாண்டியது. அவற்றில் பெரும்பாலானவை தனித்தனியே ஆபத்தைச் சிறிதளவே கூட்டுகின்றன. ஒரே கருமுட்டையில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்குக் கிரோன் வந்தாலும், மற்றவருக்கு வராமல் போவதே அதிகம். கொலைட்டிஸில் இது இன்னும் தெளிவு. புகைப்பழக்கம், குடல் நுண்ணுயிர்கள், வாழும் சூழல் ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு.

ஆகவே, பெற்றோரில் ஒருவருக்கு மட்டும் நோய் இருந்தால் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு அது வருவதில்லை என்று தைரியமாகச் சொல். கல்யாண வயதில் பெண்ணை வைத்திருக்கும் பெற்றோரிடம் இதை இரண்டு முறை சொல். 'பரம்பரை வியாதி' என்ற ஒரு சொல் அவள் வாழ்க்கையையே முடக்கிவிடும்.

ஐரோப்பியருக்கான மரபணுப் பட்டியலை வைத்து நம் நோயாளிகளை அளக்காதே. அங்கே முக்கியமான மூன்று நாட்-2 மாற்றங்களும் ஜப்பானியரிடமும் சீனரிடமும் கிட்டத்தட்ட இல்லை, இந்தியரிடமும் அரிது. அவை இல்லை என்ற அறிக்கை நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

ஆனால் இரண்டு இடங்களில் மரபணுவைப் பார்க்காமல் இருப்பது தவறு. முதலாவது, கைக்குழந்தைக்கு வரும் கடுமையான குடல் அழற்சி. இன்டர்லூகின்-10 ஏற்பியின் மரபணு பழுதானால் இப்படி வரும் என்று 2009-இல் தெரியவந்தது. அத்தகைய குழந்தைகளை எலும்பு மஜ்ஜை மாற்று காப்பாற்றக்கூடும். இரண்டாவது, இந்த நோய்களுக்குக் கொடுக்கும் அசாதையோபிரின் மாத்திரை. என்.யு.டி.டி.15 மரபணுவின் இரு பிரதிகளும் பழுதானவருக்கு வழக்கமான அளவு கொடுத்தால் சில வாரங்களில் வெள்ளணுக்கள் சரிந்துவிடும், தலைமுடி கொட்டும். கொரிய நோயாளிகளிடம் 2014-இல் கண்டறிந்த இந்த மாற்றம் இந்தியரிடமும் பரவலாக உண்டு. ஏறத்தாழப் பத்தில் ஒருவரிடம் ஒரு பிரதியாவது இருக்கும்.

தங்கையே, அந்த மாத்திரையை எழுதுமுன் இந்த மரபணுவுக்கான பரிசோதனையைச் செய். வசதியில்லாத ஊரில் குறைந்த அளவில் தொடங்கி, முதல் மாதம் வாரந்தோறும் ரத்த அணுக்களை எண்ணிப் பார்.